பின்வரிசைக்காரர் பெயர் என்ன?

கலசப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி, பேரன் பேத்தி எடுத்தவர், வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. மாப்பிள்ளை அழைப்பு. சிவப்புக் கோட்டு, தோளில் சரிகை, பேண்டு செட். டிரம்பெட் இரண்டு, கிளாரினெட் ஒன்று, சாக்ஸபோன் ஒன்று, கழுத்தில் மாட்டிய டிரம்கள். வாசித்த பாட்டு 'அவளுக்கென்ன அழகிய முகம்'.

கூடவே குரல் பதிவில் கேள்வி: "இது ஜாஸ் பாட்டு பாட்டின்னு என் பேரன் சொல்றான். நான் இதை ரேடியோவுல கேட்டு வளர்ந்தவ. நம்ம எம்.எஸ்.வி. பாட்டு எப்படிங்க ஜாஸ் ஆகும்? இன்னொண்ணு. அந்த வளைஞ்ச வாத்தியத்தை வாசிக்கிறாரே, அவர் பேரு என்னன்னு பத்துப் பேர்கிட்ட கேட்டுட்டேன். எல்லாரும் 'பேண்டுக்காரர்'னுதான் சொல்றாங்க."

முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுதான் இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிறந்தது. அந்த ஊரில் சாவுக்கும் பேண்டு வரும். கல்லறைக்குப் போகும்போது மெதுவாக, கனமாக வாசிப்பார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே பேண்டு துள்ளலாக வாசிக்கும், தெருவே ஆடும். சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே செட்டை அழைக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அந்த இசை 1930களில் பெரிய குழுக்களின் கைக்குப் போனது. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்று வரிசை வரிசையாக உட்கார்ந்து ஊதுவார்கள். ஓரத்தில் பியானோ, கிடார், பெரிய பாஸ், டிரம்ஸ். எப்படியும் பதினைந்து பேர் தேறுவார்கள். இவர்கள் வாசித்த ஆட்ட இசைக்குத்தான் 'ஸ்விங்' என்று பெயர். ஸ்விங் என்றால் ஊஞ்சல். 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள பாலோமார் நடன அரங்கில் பென்னி குட்மேன் குழு வாசித்தபோது இளைஞர் கூட்டம் வெறிபிடித்து ஆடியது. ஸ்விங் காலம் அன்றுதான் தொடங்கியது என்று வரலாறு எழுதுபவர்கள் சொல்வார்கள். உண்மையில் ஹார்லெமின் கறுப்பினக் குழுக்கள் அதற்குச் சில வருஷங்கள் முன்பே அதை வாசித்துக்கொண்டிருந்தன. பெயர் போவது ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருடையது என்பது இங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஸ்விங் தாளத்தைப் புரிந்துகொள்ள மிருதங்க வகுப்பு வேண்டாம். ஓர் அடியை மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள்: த-கி-ட. இப்போது முதல் இரண்டையும் சேர்த்து இழுத்து, மூன்றாவதைச் சட்டென்று தட்டிவிடுங்கள்: தா..ட, தா..ட, தா..ட, தா..ட. காலைத் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். நம் திஸ்ர நடைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். ஊஞ்சல் பின்னால் போய் ஒரு கணம் தயங்கி முன்னால் வருகிற அந்தத் தயக்கத்தில்தான் உயிர் இருக்கிறது.

கேள்வி-பதிலும் உண்டு. டிரம்பெட் வரிசை ஒரு துண்டு வாசிக்கும், சாக்ஸபோன் வரிசை பதில் சொல்லும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் ஒன்று சொல்ல, பின்பாட்டுக்காரர்கள் ஏந்திப் பிடிப்பார்களே, அந்த முறைதான். சண்டையும் உண்டு. ஹார்லெமில் சவாய் என்ற நடன அரங்கில் 1937 மே மாதம் பென்னி குட்மேன் குழுவும் சிக் வெப் குழுவும் நேருக்கு நேர் மோதின. வெப், டிரம்ஸ் வாசிப்பவர். ஜெயித்தது வெப் குழு. எதிர்க்குழுவில் டிரம்ஸ் வாசித்த ஜீன் கிரூப்பா, தன்னை மிஞ்சியவர் வெப் என்று பின்னாளில் தானே சொன்னார். இரண்டு சாமி ஊர்வலங்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டு தவில்காரர்கள் கட்டிப்புரண்டு, விடியற்காலையில் ஒருவருக்கொருவர் கும்பிடு போட்டுப் பிரிவதை நம் மக்கள் பார்த்திருக்கிறார்கள். ரதசப்தமிக்கு அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருகிற செய்யாற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு மேளச் சத்தத்தைப் பற்றி நான் பாடம் எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்.

சரி, எம்.எஸ்.வி. பாட்டு எப்படி ஜாஸ் ஆகும்?

'சர்வர் சுந்தரம்' 1964-இல் வந்த படம். இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி, பாட்டு வாலி. என் காதுக்கு அது முழு ஜாஸ் இல்லை. லத்தீன் அமெரிக்கத் தாளமும், பெரிய பேண்டின் பித்தளை முழக்கமும், நம் மெட்டும் கலந்த கலவை. பேரனுக்கு நூற்றுக்கு அறுபது மார்க் போடலாம். ஆனால் அந்தப் பாட்டின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. அது ஒரு பாட்டுப் பதிவையே காட்சியாகக் காட்டுகிறது. எம்.எஸ்.வி. கையசைத்து நடத்துகிறார், டி.எம்.எஸ். மைக் முன்னால் நின்று பாடுகிறார், சுற்றிலும் வாத்தியக்காரர்கள். நாம் காலமெல்லாம் கேட்ட சத்தத்தை உண்டாக்கியவர்களின் முகங்கள் தமிழ்த் திரையில் இப்படி வரிசையாகத் தெரிந்தது அபூர்வம். முகம் தெரிந்தது. பெயர்?

அந்தக் கால மெட்ராஸில் இந்த வாத்தியங்களை வாசிக்க ஆள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். ஒரு கூட்டம் ஆங்கிலோ இந்தியர்கள். ரயில்வே குடும்பங்கள். பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடன நிகழ்ச்சிகள் நடக்கும். கலசப்பாக்கத்துக்காரர்கள் ஜவ்வாது மலையின் மேற்குப் பக்கம் இறங்கித் திருப்பத்தூரைத் தாண்டினால் ஜோலார்பேட்டை. அங்கேயும் ரயில்வே காலனியும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இருந்தன. அதனால் ஸ்விங் என்பது கடல் தாண்டிக் கிடந்த சங்கதி இல்லை, மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கக்கூடிய சத்தம்தான். இன்னொரு கூட்டம் சர்ச்சில் ஆர்கனும் கோரஸும் படித்த தமிழ்க் கிறிஸ்தவர்கள். மூன்றாவது, கர்நாடக சங்கீதமும் தெரிந்து மேற்கத்திய முறையையும் கற்றுக்கொண்ட நம்மவர்கள்.

பெயர் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கிடார் பிலிப்ஸ். அக்கார்டியன் மங்களமூர்த்தி. டிரம்ஸ் நோயல் கிராண்ட். எம்.எஸ்.வி.க்கு உதவியாளர்களாக இருந்த ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா. சென்னை செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து, சினிமாவுக்குப் பியானோவும் வாசித்த ஹேண்டல் மேனுவல். மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் இருந்தபடி மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டர். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணனோடு ஊர் ஊராகக் கட்சிக் கூட்டங்களில் பாடிவிட்டு மெட்ராஸுக்கு வந்த இளையராஜா, அந்த மாஸ்டரிடம்தான் நோட்ஸ் படித்தார். சினிமாவில் டிரம்ஸ் வாசித்த எஸ்.எம்.ஆனந்தனின் மகன்தான் டிரம்ஸ் சிவமணி. சிவமணி தனக்கு முன்மாதிரியாகச் சொல்பவர்களில் நோயல் கிராண்ட் ஒருவர்.

இவர்களில் எத்தனை பெயர் உங்களுக்கு முன்பே தெரியும்? இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத் தாளில் பாடகர் பெயர் இருக்கும், இசையமைப்பாளர் பெயர் இருக்கும், கம்பெனி பெயர் பெரிதாக இருக்கும். வாசித்தவர் பெயரைத் தேட வேண்டாம், இருக்காது.

பம்பாயிலும் இதே கதைதான். அங்கே கோவாக்காரர்கள். ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்துவிட்டுப் பகலில் சினிமாப் பாட்டுக்கு வாசிப்பார்கள். அன்டோனியோ சேவியர் வாஸ் என்ற டிரம்பெட்காரரை 'சிக் சாக்லேட்' என்றால்தான் தெரியும். இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்று கொண்டாடினார்கள். 1951-இல் வந்த 'அல்பேலா' படத்தில் தன் குழுவோடு திரையில் தோன்றுகிறார். அந்தோணி கொன்சால்வஸ் என்ற வயலின்காரர் பலருக்கு ஆசிரியர். அவருடைய மாணவர் பியாரேலால், லட்சுமிகாந்த்-பியாரேலால் இரட்டையரில் ஒருவர். 1977-இல் 'அமர் அக்பர் அந்தோணி' படத்தில் அமிதாப் முட்டைக்குள்ளிருந்து வந்து தன் பெயரைச் சொல்லி ஆடுவாரே, அந்தப் பெயர் இந்த ஆசிரியருடையது. குருதட்சிணை என்றால் இதுதான். இந்தியா முழுக்க வாயில் முணுமுணுத்த பெயர், அப்படி ஒருவர் உண்மையிலேயே இருந்தார் என்று பாடியவர்களில் பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவில் மட்டும் எல்லாம் ஒழுங்கா என்று கேட்காதீர்கள், அங்கேயும் ஏமாந்தவர்கள் ஏராளம். ஆனால் ஒரு மனிதரைச் சொல்ல வேண்டும். டியூக் எல்லிங்டன். ஐம்பது வருஷம் ஒரு குழுவை நடத்தியவர். மற்றவர்கள் இசைத்தாளின் மேல் 'முதல் டிரம்பெட்', 'இரண்டாம் சாக்ஸபோன்' என்று எழுதுவார்கள். எல்லிங்டன் ஆளின் பெயரை, பல சமயம் செல்லப் பெயரை எழுதுவார். ஜானி ஹாட்ஜஸுக்கு என்று ஒரு தாள், ஹாரி கார்னிக்கு என்று ஒரு தாள். ஹாட்ஜஸின் மூச்சு எங்கே இழையும், கார்னியின் அடிக்குரல் எங்கே முழங்கும் என்று தெரிந்து, அதற்கேற்ப எழுதினார். அந்தத் தாள்கள் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

இந்த எல்லிங்டன் 1963-இல் அமெரிக்க அரசு ஏற்பாட்டில் தன் முழுக் குழுவோடு நம் பக்கம் வந்தார். டெல்லி, ஹைதராபாத், பெங்களூர், மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா, கொழும்பு என்று சுற்றினார். அதே வருஷம் நவம்பரில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டதும் பயணத்தைத் துருக்கியில் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் 'சர்வர் சுந்தரம்'. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு ஒரு வீடியோ போட்டால் நிறைய லைக் வரும். நான் போட மாட்டேன். எல்லிங்டன் வருவதற்கு முன்பே நம் ஆட்கள் நன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1957-இல் 'புதையல்' படத்தில் சந்திரபாபு ஊஞ்சலாடிப் பாடியதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

பெயர் போடாவிட்டால் என்ன, சம்பளம் வந்ததே என்பார்கள். அதுவும் சுலபமாக வரவில்லை. இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும். 1960-இல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர். கொள்கைப் பிடிப்புள்ள இடதுசாரி. மெட்ராஸில் சினிமா வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் கட்டியதில் முன்னால் நின்றவர் அவர். இசையமைப்பாளராக இருந்துகொண்டு வாத்தியக்காரர் சம்பளத்துக்காகச் சண்டை போடுவது, மளிகைக் கடை முதலாளி வாடிக்கையாளருக்காகத் தராசைச் சரிபார்ப்பது மாதிரி. அவருடைய பாட்டுகள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதற்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பெயர் என்பது வெறும் மரியாதை விஷயம் என்று நினைத்தால் பதிப்புரிமைச் சட்டத்தைப் பாருங்கள். 1994 திருத்தத்தில் நிகழ்த்துகிற கலைஞர்களுக்கு என்று தனி உரிமை கொடுத்தார்கள். 2012 திருத்தத்தில் அதை விரிவாக்கி, வணிகப் பயன்பாட்டில் ராயல்டிக்கும் வழி செய்தார்கள். அதே திருத்தத்தில் ஒரு விலக்கும் நுழைந்தது. சினிமாவில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ துணைநிலையிலோ இருந்து, தொழில் வழக்கப்படி அவருடைய பெயர் டைட்டிலில்கூடப் போடப்படவில்லை என்றால், அவரை அந்த உரிமை உள்ள கலைஞராகக் கருத வேண்டியதில்லை. தன் வாசிப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கிற ஓர் உரிமை மட்டும் மிச்சம். பாட்டு முழுக்கத் தாங்கிப்பிடித்த கிடார்காரர் துணைநிலையா, முதல்நிலையா என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். எனக்குப் புரிவது ஒன்றுதான். பெயர் போடாததே வழக்கம், வழக்கமாகப் போடாததால் உரிமை கிடையாது. இப்படி ஒரு வட்டம் வரைந்து அதற்குள் ஒருவரை நிற்க வைத்தால் அவர் எந்தப் பக்கம் வெளியே வருவார்?

1980களில் சிந்தசைசர் வந்தது. பத்து வயலின் செய்த வேலையை ஒரு கீபோர்டு செய்தது. பதிவுக்கூடத்தில் நாற்காலிகள் குறைந்தன. ஊர்ப் பக்கம் பேண்டு செட்டுக்கு அதே அடி கொஞ்சம் தாமதமாக விழுந்தது. இப்போது கல்யாணத்துக்கு டிஜே, கேரளச் செண்டை மேளம். பேண்டு வைத்தாலும் நான்கு பேரும் ஒரு கீபோர்டும் போதும் என்கிறார்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. மற்ற மாதங்களில் நல்ல நாளாகப் பார்த்து எல்லாக் கல்யாணமும் ஒன்றாக வரும். அன்று ஒரு செட்டு ஒரு மண்டபத்துக்குத்தான் போக முடியும். இந்தக் கணக்கில் குடும்பம் நடத்துவது எப்படி என்று யோசித்தால் தலை சுற்றும்.

ஆனாலும் வாத்தியம் போய்விடவில்லை. நம் ஊர் எந்த வெளி வாத்தியத்தையும் உள்ளே விட்டுப் பூணூல் போட்டுவிடும். வயலின் வந்து கச்சேரியில் உட்கார்ந்துவிட்டது. கிளாரினெட்டை ஏ.கே.சி.நடராஜன் முழுக் கச்சேரி வாத்தியமாக்கினார். சாக்ஸபோன் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் காப்புரிமை பெற்ற வாத்தியம். அதைக் கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் கேட்டுச் சொக்கிப்போனார். அப்பா நாதஸ்வரக்காரர். மகன் சாக்ஸபோனைப் பிடித்துக்கொண்டு, கமகம் வளைவதற்கேற்ப அதன் சாவிகளைக்கூட மாற்றியமைத்தார். 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அவர் வாசித்ததைக் கேட்ட அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி, தானும் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டு மேடையேறினார். 1994-இல் 'டூயட்' வந்த பிறகு தமிழ்நாட்டில் சாக்ஸபோன் தெரியாத வீடு இல்லை. கோபால்நாத் 2019-இல் காலமானார். இன்று திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் சாக்ஸபோனைப் பார்த்து யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை.

கலசப்பாக்கம் அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான்: பத்துப் பேரிடம் கேட்டீர்கள், வாசித்தவரிடம் கேட்டீர்களா? அடுத்த முகூர்த்தத்தில் அந்தச் செட்டு வந்தால் குடிக்க மோர் கொடுத்துவிட்டுப் பெயரைக் கேளுங்கள். யாரிடம் கற்றார் என்றும் கேளுங்கள். அந்தக் குருவின் பெயரைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்றோ. வீடியோவை நாலு பேருக்கு அனுப்பும்போது மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபத்தின் பெயரோடு அதையும் ஒரு வரி போடுங்கள்.

இந்த வாரம் கேட்பதற்கு இரண்டு. முதலாவது, அதே 'அவளுக்கென்ன' பாட்டு. இந்த முறை டி.எம்.எஸ்.ஸையும் நாகேஷையும் விட்டுவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் விரல்களை மட்டும் பாருங்கள். இரண்டாவது, எல்லிங்டன் அந்தக் கிழக்குப் பயணத்தின் நினைவாக 1966-இல் பதிவு செய்த 'ஃபார் ஈஸ்ட் சூட்' தொகுப்பில் 'இஸ்ஃபஹான்' என்ற துண்டு. நாலு நிமிஷம்தான். இரவு வேலையெல்லாம் முடிந்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். சாக்ஸபோன் வாசிப்பவர் ஜானி ஹாட்ஜஸ்.